முட்டம்: ஒரு கரையின் இரு பட்டியல்கள்

குமரி மாவட்டத்துக்கு வரும் பிரயாணிக்கான பட்டியல்களில் பெரும்பாலும் இரண்டு தலைப்புகள்: புராதனம், இயற்கை. புராதனத்தில் பத்மநாபபுரம் அரண்மனையும் சிதறால் சமணக் குன்றும் வந்துவிடும். முட்டம் இயற்கையில். பாறைகள், செம்மண், அஸ்தமனம். 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986இல் ‘கடலோரக் கவிதைகள்’ வந்த பிறகு, பாரதிராஜாவின் காமிரா நின்ற இடத்தில் தானும் நின்றுவிட்டுப் போவது ஒரு சடங்கு. இந்த ஊருக்குச் சரித்திரமும் இருக்கக்கூடும் என்பது வருகிறவருக்குத் தோன்றுவதில்லை.

கோட்டாற்றின் கதி வேறு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து எழுதிய தாலமி, ஆய் நாட்டின் தலைநகராகக் குறிக்கும் ‘கொட்டியாரா’ இதுதான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். இன்று நெரிசலான கடைத்தெரு. சவேரியார் கோயிலுக்காக வந்தாலுண்டு. தலைநகர் என்று பார்க்க ஒன்றுமில்லை, ஆகவே புராதனமுமில்லை. தாலமியும் இங்கு வந்து பார்த்தவரல்ல. மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதைக் கொண்டு எழுதியவர். அதாவது அவருடையது கடலிலிருந்து கரையைப் பார்த்தவர்களின் பட்டியல். நம்முடையது ரோட்டிலிருந்து கடலைப் பார்ப்பவர்களின் பட்டியல். ஆயிரத்தெண்ணூறு வருஷ இடைவெளியைவிட இந்த வித்தியாசமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் இக்கரை முக்குவர் தாலமியின் மாலுமிகள் பக்கத்தில் நிற்பவர்கள். கடலடியில் மீன்படும் பாறைக்கு அடையாளம், கரையிலுள்ள ஒரு கோயில் கோபுரம் வேளிமலையின் ஒரு முகட்டோடு நேர்கோட்டில் வருவது. வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டுமிடத்தில் தூண்டில் இறங்கும். தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பூகோளம் இது. எழுத்தில் வந்தது சொற்பம். இப்போது ஜி.பி.எஸ். கருவி எண்களைக் காட்டுகிறது. ஜோடிகள் மறந்துகொண்டிருக்கின்றன.

சரித்திரம் இவர்களை ஒருமுறை எண்ணியதுண்டு. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்குமேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக, 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியார் சொல்கிறார். தாலமியிடம் ஊர்ப்பெயர் உண்டு, ஆளில்லை. சவேரியாரிடம் ஆள்கணக்கு உண்டு, முகமில்லை. சினிமாவுக்குப் பாறை போதுமாயிருந்தது.

சாயங்காலம் பாறைமேல் நிற்கும் பிரயாணி சூரியனைப் பார்க்கிறான். எதிரே, திரும்பிவரும் வள்ளத்தில் இருப்பவன் பார்ப்பது பிரயாணியின் முதுகுக்கு அப்பால், இருட்டுமுன் இன்னும் தெரிகிற மலையை.