இறந்தவனும் இருப்பவரும்: ‘சம்ஸ்கார’ நாவலின் இரு மாந்தரும் அவர்தம் மொழிபெயர்ப்பு வரலாறும்

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’ 1965ஆம் ஆண்டு கன்னடத்தில் வெளிவந்தது. நவ்ய இயக்கம் எனப்படும் கன்னடப் புத்திலக்கிய அலையின் தலைமைப் படைப்புகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அந்நாவலைப் பற்றிய திறனாய்வுகளில் பெரும்பாலானவை ஒரே தொடக்கத்தைக் கொண்டுள்ளன. பிராணேசாச்சாரியர் ஆசாரத்தின் உருவம். நாரணப்பா மீறலின் உருவம். இவ்விரு மதிப்புகளின் மோதலே கதை என்பது அத்தொடக்கம். இக்கருத்து முற்றிலும் தவறன்று. ஆயின் நாவலின் பாதியை மட்டுமே அது காட்டுகிறது. இருவரையும் எதிரெதிர் நிறுத்துவது எளிது. அவர்களைக் கட்டிவைத்திருக்கும் உறவு எது என்று வினவுவதே பயனுடையது. அவ்வுறவு பின்வந்த மொழிபெயர்ப்பிலும் திரைப்படத்திலும் திறனாய்விலும் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாவல் தோன்றிய சூழல் மொழிபெயர்ப்பாளர்க்குச் சுவை தரக்கூடியது. அனந்தமூர்த்தி இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தம் நெறியாளரும் நாவலாசிரியருமாகிய மால்கம் பிராட்பரியுடன் இங்மார் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) என்னும் சுவீடியத் திரைப்படத்தைக் கண்டார். துணைவரிகள் இல்லாமலேயே அதைக் கண்டதாக அவர் பின்னர்ப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். கொள்ளைநோய்க் காலத்தில் இறைவனின் மௌனத்தை எதிர்கொள்ளும் ஒரு வீரனின் கதை அது. சொல் விளங்காத நிலையில் படிமம் மட்டுமே கடந்து வந்து, சிவமொக்கா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளிப் பகுதியின் ஓர் அக்கிரகாரத்தைப் பர்மிங்காமில் எழுப்பியது. விளங்காமையும் சிலவேளை மொழிபெயர்ப்பின் தாயாகிறது போலும்.

கதை நாரணப்பாவின் இறப்புடன் தொடங்குகிறது. துர்வாசபுரம் என்னும் மாத்வ அக்கிரகாரத்தில் கொள்ளைநோய்க்கு முதற்பலியானவன் அவன். மணந்த மனைவியைக் கைவிட்டுக் குந்தாபுரத்திலிருந்து வந்த சந்திரியோடு வாழ்ந்தவன்; சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவன்; இசுலாமியரோடு கூடிக் கோயிற்குளத்தில் மீன் பிடித்தவன். எனினும் அவனை எவரும் சாதிநீக்கம் செய்யவில்லை. செய்தால் இசுலாம் தழுவி அக்கிரகாரத்திலேயே குடியிருப்பேன் என்று அவன் மிரட்டியிருந்தான். ஆகவே பிராமணனாகவே இறந்தான். பிராமணப் பிணத்தைப் பிராமணனே எரிக்க வேண்டும். எரிப்பவன் தீட்டுக்கு ஆளாகிவிடுவான் என்ற அச்சம் ஒருபுறம். பிணம் எடுக்கப்படும்வரை எவரும் உண்ணலாகாது என்ற விதி மறுபுறம்.

இங்கே உறவுமுறைகள் வகிக்கும் இடம் கருதத்தக்கது. கருடாச்சாரியாருக்கும் இலட்சுமணாச்சாரியாருக்கும் இறந்தவனோடு குருதியாலும் மணத்தாலும் தொடர்பு உண்டு. சொத்து என்றவுடன் அத்தொடர்பு வலியுறுத்தப்படுகிறது. கொள்ளி என்றவுடன் மறுக்கப்படுகிறது. செலவுக்கென்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்ததும், அதுவரை மறுத்தவர்களே உரிமை பேசத் தொடங்குகின்றனர். தாசாச்சாரியாரோ பசி பொறாமல், தம்மினும் தாழ்ந்தோர் என அக்கிரகாரம் கருதும் பாரிஜாதபுரத்து ஸ்மார்த்தர் மஞ்சய்யாவின் வீட்டுக்குச் சென்று மறைவாக உண்கிறார். ஆசாரம் என்னும் மதிப்பு இவர்களிடம் உண்மையில் இல்லை. இருப்பது பிராணேசாச்சாரியரிடம் மட்டுமே. இதனை முதலில் உணர்ந்தவன் நாரணப்பா. அழிப்பதற்கு இவ்வூரில் பிராமணியம் என ஒன்று உண்டாயின் அது ஆசாரியரிடம் மட்டுமே உண்டு என்ற கருத்துப்பட அவன் அவரிடமே கூறியிருந்தான். பகைவனின் இவ்வேற்பு அக்கிரகாரத்தார் அனைவரின் வணக்கத்தினும் எடைமிக்கது.

இருவரையும் பிணைத்தவை மூன்று. முதலாவது ஒரு வாக்கு. நாரணப்பாவின் தாய் இறக்கும் தறுவாயில், அவள் மகனை நல்வழிப்படுத்துவதாக ஆசாரியர் வாக்களித்திருந்தார். இரண்டாவது ஒரு பந்தயம். இறுதியில் வெல்வது நீங்களா நானா பார்ப்போம் என நாரணப்பா அறைகூவியிருந்தான். மூன்றாவது, ஒருவர் குறையை மற்றவர் அறிந்திருந்தமை. ஆசாரியர் நோயுற்ற பாகீரதியை மணந்து, இல்லறத்தையே தவமாக்கிக்கொண்டவர். ஆனால் அவர் விரித்துரைக்கும் புராணங்களிலும் காவியங்களிலும் இன்பச்சுவை ததும்புகிறது. அவர் வாயால் சகுந்தலையின் எழிலைக் கேட்ட இளைஞன் ஒருவன் ஆற்றங்கரைக்குச் சென்று தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணைத் தழுவினான் என்று நாரணப்பா சுட்டிக்காட்டுகிறான். தம் சொல்லின் பயனைத் தாமே அறியாத உரையாசிரியருக்கு ஓர் எதிராளி எழுதிய உரை இது.

ஆகவே நாரணப்பா ஆசாரியரின் மறுபக்கம் என்பதனினும், அவருடைய முதல் நுண்ணிய வாசகன் என்பதே பொருந்தும். அவன் இறந்தபின் ஆசாரியர் ஓலைச்சுவடிகளில் விடை தேடுகிறார், கிடைக்கவில்லை. காட்டிலுள்ள மாருதி கோயிலுக்குச் சென்று, வலப்பக்கத்துப் பூ விழுமா இடப்பக்கத்துப் பூ விழுமா எனக் குறிபார்க்கிறார்; எதுவும் விழவில்லை. திரும்பும் இரவில் காட்டில் சந்திரியைக் கூடுகிறார். நாரணப்பா உயிரோடு இருந்து பெறாத வெற்றியைப் பிணமாகப் பெறுகிறான் என்று வாசகன் எண்ணக்கூடும். நாவல் அவ்வெண்ணத்தையும் நிலைக்கவிடவில்லை. அன்றிரவே சந்திரி எழுந்து செல்கிறாள். பிராமணப் பிணத்தைத் தொட வண்டிக்கார சேசப்பா அஞ்சுகிறான். முன்பு நாரணப்பாவிடம் உதவி பெற்றிருந்த மீன் வணிகர் அகமது பாரி வண்டியும் விறகும் கொண்டுவருகிறார். சுடுகாட்டில் உடல் எரிகிறது. அக்கிரகாரத்தார் அதனை அறியார். சாத்திரமும் மீறலும் நெடுநாள் வழக்காடிய வினாவுக்கு, வழக்கில் இடம்பெறாத இருவர் ஒரு மாட்டுவண்டியால் விடை தந்துவிட்டனர். இரு மதிப்புகளின் மோதல் என்ற வாய்பாட்டைப் பற்றிக்கொள்ளும் திறனாய்வுகளில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் கதைச்சுருக்கத்தின் ஒரு வரியாகக் குறுகிவிடுகிறது. அது பெருங்குறையே.

பெயர்களும் இப்பிணைப்புக்குத் துணைசெய்கின்றன. மாத்வ மரபில் அனுமன், வீமன், மத்துவர் ஆகிய மூவரும் வாயுவின் அவதாரங்கள். அனுமன் முக்கியப்பிராணன் எனப்படுவான். எனவே பிராணேசர் மாருதியிடம் குறிகேட்பது தம் பெயரின் மூலத்திடமே கேட்பதாகும். அங்கு விடையில்லை என்பது வெறும் கோயில் நிகழ்ச்சியன்று. நாரணப்பா என்பது நாராயணன் என்னும் பெயரின் வழக்குச் சிதைவு. கன்னட மகாபாரதம் பாடிய பதினைந்தாம் நூற்றாண்டுக் குமாரவியாசரின் இயற்பெயரும் அதுவே என்பதைக் கன்னட வாசகர் அறிவர். ஊர்ப்பெயர்களோ கோபத்துக்குப் பெயர்போன முனிவரையும் மணமிக்க மலரையும் நினைவூட்டுகின்றன. பெயர்களை மொழிபெயர்க்க இயலாது; அடிக்குறிப்பில் விளக்கினால் இறுகிப்போகும்.

1970இல் பட்டாபிராம ரெட்டி இக்கதையைத் திரைப்படமாக்கினார். கிரீஷ் கர்னாட் ஆசாரியராகவும், பி. லங்கேஷ் நாரணப்பாவாகவும், சினேகலதா ரெட்டி சந்திரியாகவும் நடித்தனர். சென்னைத் தணிக்கைக் குழு முதலில் அதற்குத் தடைவிதித்தது. தடை நீங்கியபின் வெளியான அப்படம், சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதற் கன்னடப் படமாயிற்று. மொழிபெயர்ப்பு நோக்கில் படத்தின் சிக்கல் வேறு. நாவலில் நாரணப்பா பிணமும் நினைவிலிருந்து ஒலிக்கும் குரலும் மட்டுமே. அக்குரலை நமக்குக் கேட்பிப்பது பெரிதும் ஆசாரியரின் மனம். திரையிலோ அவனுக்கு ஒரு முகம் வேண்டியதாயிற்று. முகம் வந்ததும் இருவரும் சமநிலையில் எதிரெதிர் நின்றுவிட்டனர். ஒருவர் மனத்துக்குள் நிகழ்ந்த வழக்கு இருவர் வழக்காக மாறிற்று.

ஏ. கே. இராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1976இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளிவந்தது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சங்கப் பாடல்களையும் வீரசைவ வசனங்களையும் ஏற்கெனவே ஆங்கிலத்துக்குத் தந்திருந்தவர் அவர். தலைப்பை அவர் பெயர்க்கவில்லை. ‘இறந்த ஒருவனுக்கான சடங்கு’ என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பைச் சேர்த்தார். அத்துணைத்தலைப்புத் தலைப்பின் பொருளைச் சுருக்கிவிடும் என்பதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். நூலின் முகப்பில் கிட்டலின் கன்னட – ஆங்கில அகராதியிலிருந்து (மங்களூர், 1894) அச்சொல்லுக்குரிய பல பொருள்களையும் எடுத்து வைத்தார். செம்மைசெய்தல், பண்பாடு, மனத்தில் பதியும் தடம், தூய்மையாக்கும் சடங்கு, ஈமக்கடன் என அப்பொருள்கள் விரிகின்றன. நாரணப்பாவுக்கு வேண்டியது கடைசிப் பொருள். ஆசாரியருக்கு நேர்வது ஏனைய அனைத்தும். ஒரே சொல் இருவரையும் தாங்குகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ப் பேச்சில் ‘சம்ஸ்காரம்’ எனின் முதலில் நினைவுக்கு வருவது தகனமே. பண்பாடு, மனத்தடம் என்னும் பொருள்கள் கன்னடத்தில் உயிருடன் உள்ளவாறு தமிழ் வழக்கில் இல்லை. ஆங்கில வாசகனுக்கு அச்சொல் முற்றிலும் புதிது. எனவே அகராதியைக் காட்டினால் ஏற்றுக்கொள்வான். தமிழ் வாசகனுக்கோ அது பாதி தெரிந்த சொல். எனவே அகராதியைத் தேடமாட்டான். மிக அண்மையிலுள்ள மொழியே சிலவேளை மிகுந்த தொலைவை உண்டாக்குகிறது. பௌத்த மரபின் பன்னிரு நிதானங்களைத் தமிழாக்கிய மணிமேகலை, அச்சொல் அங்குக் குறித்த மெய்ப்பொருள் கருத்துக்குச் ‘செய்கை’ என்ற சொல்லை வழங்கியது ஈண்டு நினைக்கத்தக்கது. அச்சொல்லை இன்று மீட்டால் மனத்தடம் ஓரளவு கிட்டும், ஈமக்கடன் கைநழுவும்.

இதனினும் நுண்ணிய இடர் வினைமுற்றில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரு சொல் அனைவருக்கும் போதும்; இறந்தவனும் தேடுபவரும் ஒரே வினைவடிவைப் பெறுவர். கன்னடம் நீனு, நீவு என முன்னிலையில் வேறுபடுத்தும்; தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று உண்டு. படர்க்கையில் இரு மொழிகளும் வினையின் ஈற்றிலேயே மதிப்பைக் காட்டிவிடும். ‘நாரணப்பா இறந்தான், ஆசாரியர் தேடினார்’ என எழுதும்போதே, எவன் தாழ்ந்தவன், எவர் உயர்ந்தவர் என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. இக்கட்டுரையின் தலைப்பும் இதுவரையுள்ள பத்திகளும் அத்தீர்ப்பைத் தப்பவில்லை. நாரணப்பா ஆசாரியரிடம் பேசும் இடங்களில் ‘நீர்’ என்று பெயர்த்தால் ஏளனம் தொனிக்கும். ‘நீங்கள்’ எனில் பணிவு மிகும். அவன் அவரை மதிக்கவும் செய்கிறான், அழிக்கவும் விரும்புகிறான். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் ஒற்றைப் பெயர்ச்சொல் தற்காலத் தமிழில் எது என்பது எளிதில் விடைகாணத் தக்கதன்று. ‘நீங்கள்’ என்று வைத்து, ஏளனத்தை வாக்கியத்தின் போக்கில் விடுவதே ஏற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஆங்கில வடிவம் நாவலை உலக அரங்குக்குக் கொண்டுசென்றது. அதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. 1977இல் வெளியான ‘இந்தியா: புண்பட்ட நாகரிகம்’ என்ற நூலில் வி. எஸ். நைப்பால் ஆசாரியரைத் தனித்து எடுத்து, சாதியும் சடங்குமே தன்னடையாளமாகக் கொண்ட, வளர்ச்சி குன்றிய இந்தியத் தன்னுணர்வுக்கு அவரைச் சான்றாக்கினார். கதைமாந்தர் ஒருவர் சமூகவியல் சாட்சியானார். நாரணப்பாவின் வாதங்களோடு இணைத்துப் படித்திருப்பின் அம்முடிவு கடினமாகியிருக்கும். ஏனெனில் ஆசாரியரைப் பற்றி நைப்பால் சொன்னவற்றுள் சிலவற்றை அந்நாவலுக்குள்ளேயே ஒருவன் முன்னரே, அதனினும் கூர்மையாகச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்கும் செவியும் ஆசாரியருக்கு இருந்தது. தன்னை எதிர்ப்பவனின் சொல்லைத் தன் மனத்துள் ஆண்டுக்கணக்கில் சுமந்த ஒருவரைத் தன்னுணர்வு அற்றவர் என்பது எங்ஙனம்?

பாகீரதியும் கொள்ளைநோய்க்கு இரையானபின் ஆசாரியர் அவளை எரியூட்டிவிட்டு ஊரைத் துறந்து நடக்கிறார். வழியில் ஒட்டிக்கொள்ளும் புட்டன் என்னும் மாலேர இளைஞன் ஓயாது பேசுபவன்; கோழிச்சண்டை, தேர்த்திருவிழா, பத்மாவதியின் வீடு என அவரை இழுத்துச் செல்பவன். நாரணப்பாவிடமிருந்த கொள்கைப் பகை இவனிடம் இல்லை. எவ்வகைக் கொள்கையும் இல்லை. முன்னவனோடு வழக்காட முடிந்தது. இவனோடு வழக்காட ஒன்றுமில்லை. அதனாலேயே இவனை உதறுவது அவருக்கு அரிதாகிறது. காசியில் உடன் பயின்று, பின்னர்ப் படிப்பைத் துறந்து பரத்தை ஒருத்தியோடு வாழச்சென்ற மகாபலன் என்ற நண்பனும் அவர் நினைவில் எழுகிறான். நாரணப்பாவுக்கு முன்னரே ஒரு நாரணப்பா அவர் வாழ்வில் இருந்தான் என்பதை வாசகன் அப்போதுதான் அறிகிறான்.

தீட்டுடனேயே மேளிகைக் கோயிலில் பந்தியில் அமர்ந்தபின், துர்வாசபுரம் திரும்பி நடந்ததைச் சொல்லிவிட அவர் முடிவுசெய்கிறார். வழியில் வந்த வண்டியில் ஒருவருக்கே இடம் இருக்கிறது. புட்டன் அவரை ஏற்றி அனுப்புகிறான். ஊர் சேர இன்னும் சில மணிநேரம் உண்டு என்ற நிலையில் கதை நின்றுவிடுகிறது. ஊரார்முன் அவர் வாய் திறப்பதை நாவல் காட்டவில்லை. அவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கடைசி வினைமுற்றை ‘ஆர்’ ஈற்றில் வைப்பாரா, ‘ஆன்’ ஈற்றில் வைப்பாரா என்பது அவர் அந்நாவலை எவ்வாறு படித்தார் என்பதைக் காட்டிவிடும்.