அடிபந்தாட்டப் பருவ முன்கணிப்பு

அடிபந்தாட்டப் பருவ முன்கணிப்பு என்பது, ஒரு தொழில்முறை அடிபந்தாட்டப் பருவம் தொடங்கும் முன்னரே ஒவ்வோர் அணியும் எத்தனை ஆட்டங்களில் வெல்லும், ஒவ்வொரு வீரரும் எவ்வாறு ஆடுவார் என்பவற்றைப் புள்ளிவிபரங்களின் துணையுடன் மதிப்பிடும் முறை ஆகும். வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளை ஒட்டியே இம்முறை பெரிதும் வளர்ந்துள்ளது. இப்போட்டிகளில் அமெரிக்கன் லீக், நேசனல் லீக் என்னும் இரு பிரிவுகளில் 30 அணிகள் பங்கேற்கின்றன. வழமையான பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள் உண்டு. வீரர்களின் ஒப்பந்தத் தொகை, அணிகளுக்கிடையேயான வீரர் பரிமாற்றம், பந்தயச் சந்தை ஆகிய மூன்றும் இக்கணிப்புகளைச் சார்ந்துள்ளன.

பின்னணி

பிற குழு விளையாட்டுகளைவிட அடிபந்தாட்டம் கணிப்புக்கு ஏற்றது எனக் கருதப்படுகிறது. இவ்விளையாட்டின் பெரும்பகுதி, பந்தை எறியும் ஒருவருக்கும் அதை அடிக்கும் ஒருவருக்கும் இடையே நிகழும் தனித்தனி மோதல்களால் ஆனது. ஒவ்வொரு மோதலின் முடிவையும் தனியே பதிவு செய்ய இயலும். இத்தகைய பதிவுகள் 19ஆம் நூற்றாண்டு முதலே பேணப்பட்டு வருகின்றன.

1971இல் அமெரிக்க அடிபந்தாட்ட ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. 1977இல் பில் ஜேம்ஸ் என்பவர் தம் புள்ளிவிபர ஆய்வுகளைத் தாமே நூலாக வெளியிடத் தொடங்கினார். இத்துறைக்கு சேபர்மெட்ரிக்ஸ் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. இப்பெயர் மேற்கண்ட கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பெறப்பட்டது.

கணிக்கும் முறை

கணிப்பு பொதுவாக நான்கு படிகளில் செய்யப்படுகிறது.

முதற்படியில் ஒவ்வொரு வீரரின் திறனும் மதிப்பிடப்படுகிறது. டாம் டேங்கோ வடிவமைத்த மார்செல் என்ற முறை இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். இதில் மட்டையாளரின் கடந்த மூன்று பருவங்களுக்கு, அண்மைய பருவத்திலிருந்து பின்னோக்கி, 5, 4, 3 என்ற எடைகள் அளிக்கப்படுகின்றன. பின்னர் கிடைக்கும் மதிப்பு அனைத்து வீரர்களின் சராசரியை நோக்கி ஓரளவு நகர்த்தப்படுகிறது. மிகச் சிறப்பாக ஆடிய ஒருவரின் எண்களில் திறமையுடன் நல்லூழும் கலந்திருக்கும் என்பதே இதற்குக் காரணம். குறைந்த ஆட்டங்களே ஆடிய வீரரின் மதிப்பு அதிகமாக நகர்த்தப்படும். இறுதியாக அகவைக்கான திருத்தம் செய்யப்படுகிறது. 29 அகவைக்குக் குறைந்தவர்கள் முன்னேறுவர் என்றும், அதைக் கடந்தவர்கள் சிறிது சிறிதாகத் தளர்வர் என்றும் இம்முறை கொள்கிறது.

இரண்டாம் படியில், ஒவ்வொரு வீரரும் எத்தனை ஆட்டங்களில் களமிறங்குவார் என்பது மதிப்பிடப்படுகிறது. காயங்களின் காரணமாக இதுவே மிகக் கடினமான படியாகும்.

மூன்றாம் படியில், அணி எடுக்கக்கூடிய ஓட்டங்களும் விட்டுக்கொடுக்கக்கூடிய ஓட்டங்களும் கூட்டப்பட்டு வெற்றிகளாக மாற்றப்படுகின்றன. இதற்கு பில் ஜேம்ஸ் கண்ட வாய்பாடு பயன்படுகிறது. எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கம், கொடுத்த ஓட்டங்களின் வர்க்கம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். செங்கோண முக்கோணத் தேற்றத்தை ஒத்திருப்பதால் இது பித்தாகரசு வாய்பாடு எனப்படுகிறது. சான்றாக, 800 ஓட்டங்கள் எடுத்து 700 ஓட்டங்கள் கொடுக்கும் அணியின் விகிதம் 0.566 ஆகும். 162 ஆட்டங்களில் இது ஏறத்தாழ 92 வெற்றிகளுக்குச் சமம். ஏறக்குறைய 10 ஓட்டங்கள் கூடினால் ஒரு வெற்றி கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் பொது விதி.

நான்காம் படியில், பருவத்தின் ஆட்ட அட்டவணை முழுவதும் கணினியில் பல்லாயிரம் முறை ஆடிப் பார்க்கப்படுகிறது. ஓர் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறும் நிகழ்தகவு இவ்வாறே பெறப்படுகிறது.

முன்கணிப்பு அமைப்புகள்

பெக்கோட்டா என்பது பரவலாக அறியப்பட்ட அமைப்பு ஆகும். நேட் சில்வர் உருவாக்கிய இது, 2003இல் பேஸ்பால் புராஸ்பெக்டஸ் நிறுவனம் வாயிலாக வெளிவந்தது. ஒரு வீரரை ஒத்த முற்கால வீரர்களைத் தேடி, அவர்களின் பிற்கால ஆட்டத்தைக் கொண்டு இவருடைய எதிர்காலத்தை இது கணிக்கிறது. 1980களிலும் 1990களிலும் ஆடிய பில் பெக்கோட்டா என்ற வீரரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. டான் சிம்போர்ஸ்கி உருவாக்கிய சிப்ஸ், ஜாரெட் கிராஸ் முதலானோர் உருவாக்கிய ஸ்டீமர் என்பன பிற அமைப்புகள்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2002 பருவத்திற்கு முன், அப்போது ஓக்லண்டில் இருந்த அத்லெட்டிக்ஸ் அணி தன் முன்னணி வீரர்கள் மூவரை இழந்திருந்தது. தகுதி பெற 95 வெற்றிகள் தேவை எனவும், அதற்கு எதிரணிகளைவிட 135 ஓட்டங்கள் கூடுதலாக எடுக்க வேண்டும் எனவும் அவ்வணியின் பால் டிபோடெஸ்டா கணக்கிட்டார். அணி 800 ஓட்டங்கள் எடுத்து, 654 ஓட்டங்கள் கொடுத்து, 103 ஆட்டங்களில் வென்றது. மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய மணிபால் என்ற நூல் இதனை விவரிக்கிறது.

2006இல் 90 ஆட்டங்களில் வென்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி, 2007இல் 72 வெற்றிகளே பெறும் எனப் பெக்கோட்டா கணித்தது. இக்கணிப்பு கேலிக்கு உள்ளானது. ஆயினும் அணி சரியாக 72 ஆட்டங்களிலேயே வென்றது. 2007இல் 66 வெற்றிகள் மட்டுமே பெற்ற டாம்பா பே அணி பெரிதும் முன்னேறும் என்ற கணிப்பும் பலித்தது. 2008இல் அவ்வணி 97 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரை எட்டியது.

மாறாக, 2015இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு 72 வெற்றிகளே கணிக்கப்பட்டன. அவ்வணி 95 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது.

வரம்புகள்

ஓர் அணியின் உண்மைத் திறன் பிழையின்றித் தெரிந்திருந்தாலும், அதன் வெற்றிகளைத் துல்லியமாகக் கூற இயலாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 50 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு, 162 ஆட்டங்களில் வெற்றி எண்ணிக்கையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 6.4 ஆகும். அதாவது, 81 வெற்றிகளுக்குரிய அணி தற்செயலாகவே 75 அல்லது 87 ஆட்டங்களில் வெல்வது வியப்புக்குரியதன்று. ஆகவே, கணிக்கப்படும் எண்ணை ஒரு வீச்சின் நடுப்புள்ளியாகவே கொள்ளுதல் வேண்டும்.

2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 712 ஓட்டங்கள் எடுத்து, 705 ஓட்டங்கள் கொடுத்தது. வாய்பாட்டின்படி 82 வெற்றிகளே பெற வேண்டிய அவ்வணி 93 பெற்றது. ஒரே ஓட்ட வேறுபாட்டில் முடிந்த ஆட்டங்களில் அது 29இல் வென்று, 9இல் மட்டுமே தோற்றதே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டு அத்தகைய ஆட்டங்களில் 20இல் வென்று 31இல் தோற்றது.

தாக்கமும் விமர்சனமும்

பருவம் தொடங்கும் முன்னரே வெல்லும் வாய்ப்பு குறைவு எனக் காணும் அணிகள், சம்பளம் மிகுந்த வீரர்களை விற்றுவிட்டு எதிர்காலத்திற்கு இளையவர்களைச் சேர்க்கின்றன. இதனால் கணிப்பே தோல்விக்குக் காரணமாகிறது என விமர்சிக்கப்படுகிறது. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011 முதல் 2013 வரை மூன்று பருவங்களிலும் 100க்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்று, 2017இல் உலகத் தொடரை வென்றது. அவ்வெற்றி பின்னர் சைகைத் திருட்டு முறைகேட்டால் களங்கமுற்றது. கடைசி இடத்திற்குப் புது வீரர் தேர்வில் முதலுரிமை உறுதியாவதைத் தவிர்க்க, 2022 முதல் குலுக்கல் முறை நடைமுறைப்படுத்தப்பட்டது.

2018இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இதன் பின்னர் இக்கணிப்புகள் பொதுமக்களின் பணத்தையும் நேரடியாகத் தொடுபவையாக மாறின. எண்ணுக்குப் பின்னுள்ள வீச்சை அறியாமல் அதனை உறுதிமொழியாகக் கொள்வோர் இழப்பைச் சந்திக்க நேரிடலாம்.