வயிற்றில் டியூப் போட்ட கதை

பக்கவாதம் வந்தவர், தொண்டையில் புற்றுநோய் வந்தவர், ஆசிட் குடித்துவிட்டவர்... இவர்களில் பலரால் ஒரு வாய் கஞ்சி கூட விழுங்க முடியாது. சில நாட்களுக்கு மூக்கு வழியாக டியூப் விட்டுச் சமாளிக்கலாம். மாதக்கணக்கில் என்றால்? வயிற்றில் சின்னத் துளை போட்டு, இரைப்பைக்குள் நேராக டியூப் வைத்துவிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் ஏறத்தாழ 200 வருடக் கதை இருக்கிறது!

1837ல் நார்வே டாக்டர் எகபெர்க் இந்த யோசனையைச் சொன்னார். 1849ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் செடியோ என்பவர் முதன்முதலாக மனிதருக்குச் செய்து பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. 1875ல் லண்டனில் சிட்னி ஜோன்ஸ் ஆபரேஷன் செய்த நோயாளி 40 நாட்கள் உயிரோடு இருந்தார். அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி!

பிரச்சினை என்னவென்றால், தோலுக்கு வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இரைப்பை எங்கே, கல்லீரல் எங்கே, குடல் எங்கே என்று தெரியாது. இடம் தவறிக் குத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வயிற்றைக் கிழித்துத்தான் செய்தார்கள்.

1979ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் காடரர், பான்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு கைக்குழந்தைக்கு வேறு வழியில் செய்தார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, அதன் வெளிச்சம் வயிற்றுத் தோலில் தெரியும் இடத்தில் ஊசியைக் குத்தினார்கள். வயிற்றைக் கிழிக்கும் வேலையே இல்லை. ஆனால் எண்டோஸ்கோப்பும் அதில் பழகிய டாக்டரும் வேண்டும்.

அடுத்து வந்தது அல்ட்ராசவுண்ட். 1958ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழுவினர் இதை மருத்துவ உலகுக்குக் காட்டினார்கள். இதில் ஒரு சிக்கல்: ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது, இரைப்பையிலோ காற்று இருக்கும். அதனால் இரைப்பையைத் தண்ணீரால் நிரப்பிப் பார்த்தார்கள். பிறகு காந்தம் வந்தது! காந்தம் வைத்த பலூனை வாய் வழியாக இறக்கி, வெளியே இன்னொரு காந்தத்தால் இழுத்துப் பிடித்து, நடுவில் குடலோ கல்லீரலோ இல்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு ஊசி போடுகிறார்கள். எல்லாம் நோயாளியின் படுக்கையிலேயே முடிந்துவிடும்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சேலம், தர்மபுரி பக்கம் ஸ்கேன் மெஷின் என்றாலே வேறு ஒரு நினைவு வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994ல் மத்திய அரசு சட்டம் போட்டது. 2012ல் கையில் தூக்கிப் போகும் மெஷினுக்கும் கட்டுப்பாடு வந்தது. பதிவு செய்த மருத்துவமனைக்குள் அங்குள்ள உள்நோயாளிகளுக்கும், நடமாடும் மருத்துவ வண்டியிலும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

சட்டத்தின் மீது தப்பு சொல்ல முடியாது. பெண் குழந்தையைக் கருவிலேயே அழிக்க அந்த மெஷினைத் தேடிப் போனது நாம்தான். இன்று ஏரியூரில் விழுங்க முடியாமல் படுத்திருப்பவரின் வீட்டுக்கு ஒரு டாக்டர் தன் பையில் அதைக் கொண்டு வர முடியாது. நோயாளிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெஷின் செய்த குற்றம் என்ன?