தன் குருதியே மருந்தாக: பி.ஆர்.பி. ஊசியின் வரலாறும் சென்னை மேற்குப் புறநகரும்

முன்னுரை

1964இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டியை உருவாக்கிய ஆவடித் தொழிற்சாலையும் சென்னையின் மேற்கே உடலுழைப்பை நம்பிய குடியிருப்புகளை வளர்த்தன. கடைசல் எந்திரத்தின்முன் நாள்முழுதும் நிற்பவருக்கு முழங்காலும், சுத்தியல் பிடிப்பவருக்கு முழங்கையுமே பிழைப்பின் முதல். இம்மூட்டுகளுக்கு இன்று பரிந்துரைக்கப்பெறும் தட்டணு செறிந்த பிளாஸ்மா (பி.ஆர்.பி.) ஊசியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாங்கலும் செலுத்தலும்

சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் கட்டு, தொக்கணம் ஆகியவற்றோடு அட்டை விடலும் குருதி வாங்கலும் அடங்கும். அங்குக் குருதி வெளியேற்றப்படுகிறது. பி.ஆர்.பி.யிலோ நோயாளியின் குருதியைச் சுழற்றிப் பிரித்து, தட்டணு மிகுந்த பகுதியைக் காயமுற்ற இடத்தில் செலுத்துகின்றனர். தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவைச் சீராக்கும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. எனவே இதனைப் பழைய முறையின் தொடர்ச்சியெனக் கொள்ளுதல் பொருந்தாது.

சான்றுகளின் வரிசை

1998இல் மார்க்ஸ் குழுவினர் தாடையெலும்பு ஒட்டு அறுவையில் இதனைப் பயன்படுத்தினர். 2006இல் மிஸ்ரா, பவெல்கோ ஆகியோர் முழங்கைத் தசைநாண் நோயுற்ற 20 பேரிடம் ஆய்ந்து நற்பயன் கண்டனர். 2009இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு பெற்ற சிகிச்சையால் இதன் புகழ் பரவியது. 2010இல் நெதர்லாந்தில் டி வோஸ் குழுவினர் குதிகால் தசைநாண் நோயுற்ற 54 பேரை ஆய்ந்தனர். பி.ஆர்.பி. பெற்றோர், உப்புநீர் பெற்றோர் ஆகிய இரு சாராரும் உடற்பயிற்சியும் செய்தனர். இரு சாராரும் முன்னேறினர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்தியாவில், 2013இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தினர் 78 பேரின் முழங்கால் தேய்மானத்தை ஆய்ந்து, பி.ஆர்.பி. உப்புநீரினும் மேம்பட்டது என்றனர். ஆறாம் மாதத்தில் அப்பயன் சற்றுக் குறைந்ததையும் பதிவுசெய்தனர். 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு, ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீரினும் மேலான பயனைக் காணவில்லை. தட்டணுச் செறிவும் வெள்ளணுக்களின் அளவும் தயாரிப்புதோறும் மாறுவதால் இம்முடிவுகளை ஒருங்கே ஒப்பிடுதலும் அரிது.

முடிவுரை

புகழ் முன்னே செல்ல, சான்று பின்னே வந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. ஊசியால் நலமுற்றேன் என்னும் தொழிலாளியின் கூற்று பொய்யன்று. அந்நலம் ஊசியால் வந்ததா, ஓய்வாலும் பயிற்சியாலும் வந்ததா என்பதே வினா. கூலியை இழந்து சிகிச்சைக்குச் செலவிடுபவருக்கு இவ்வினாவை முன்கூட்டியே எடுத்துரைத்தல் மருத்துவ அறத்தின்பாற்பட்டது.