ஃபாலி

ஆங்கிலத்தில் ‘ஃபாலி’ என்றால் மடமை. பெருநிலக்காரர்களின் மாளிகைத் தோட்டங்களில், குடியிருப்பதற்கு அல்லாமல் கண்ணுக்கு விருந்தாகவே எழுப்பிய கோபுரத்துக்கும், இடிந்தது போலவே புதிதாகக் கட்டிய கோட்டைக்கும் அதே பெயர். தமிழில் ‘மடம்’ என்ற ஒலி அறியாமையையும் குறிக்கும், கட்டடத்தையும் குறிக்கும். ஆனால் அவை இரண்டு தனிச் சொற்கள். ஃபாலி ஒரே சொல்.

பழைய பிரெஞ்சின் ‘ஃபொலி’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனின் ‘ஃபொல்லிஸ்’, அதாவது கொல்லன் உலைத் துருத்தி. காற்று மட்டுமே நிறைந்த தோற்பை, அறிவில்லாத தலைக்கு உவமையாயிற்று. என்ன கூர்மையான உவமை! பிரெஞ்சில் செல்வர்களின் உல்லாச மாளிகையையும் ‘ஃபொலி’ என்றார்கள்.

சில கட்டடங்களுக்கு இந்தப் பெயர் பெரும் அநியாயம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், ரஷ்டன் மாளிகையின் நிலத்தில் முக்கோண வடிவில் ஒரு சிறு வீடு நிற்கிறது. கத்தோலிக்க நம்பிக்கைக்காகப் பல ஆண்டுகள் சிறைப்பட்ட சர் தாமஸ் ட்ரெஷம் 1593 முதல் 1597 வரை கட்டியது. முயல் வளர்ப்பைக் கவனிப்பவருக்கான வீடு என்பது வெளிப்பேச்சு. சுவர் மூன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 33 அடி. தளம் மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் முக்கோண முகடு மூன்று. கத்தோலிக்க நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொருமையை அவர் கல்லில் அறிக்கையிட்டார். ட்ரெஷம் என்ற பெயரின் முன்பாதியான ‘ட்ரெஸ்’ லத்தீனில் மூன்று என்றே பொருள்படும்.