இசைத்தட்டில் ஏறாத பாடல்: புத்தளத்து மஞ்சா இசை பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துப் பொப் இசையின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் இசைத்தட்டுகளையும் வானொலி நிகழ்ச்சிகளையுமே சான்றாகக் கொள்வர். தட்டில் இடம்பெற்ற பாடல் பாடகரின் பெயரையும் வெளிவந்த காலத்தையும் தன்னோடு கொண்டுவருகின்றது. இடம்பெறாத பாடலோ பாடுவோரின் நினைவையன்றி வேறு பற்றுக்கோடின்றி வாழவேண்டியதாகின்றது. புத்தளம் கரையோரத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் 'மஞ்சா' பாடல்கள் இவ்வகையின. நாட்டின் பொப் இசைக்கு அடித்தளமான மரபோடு நெருங்கிய உறவுடையனவாயிருந்தும், அவ்விசையின் வணிகப் பெருக்கில் இவை சேரவில்லை. அதன் காரணங்களையும் விளைவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைப் போர்வீரராகவும் அடிமைகளாகவும் இங்கு கொணர்ந்தனர். 1658இல் அவர்களது ஆட்சி முடிவுற்ற பின்னர் ஒல்லாந்தரும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில் கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆபிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டுப் படையிற் சேர்க்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டபோது, புத்தளத்தில் நின்ற வீரருட் பலர் அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டனர். உப்பளங்களிலும் அரச சேவையின் கீழ்நிலைகளிலும் அவர்கள் தொழில் பெற்றனர். தமிழர் இவர்களைக் 'காப்பிலியர்' என அழைத்தனர். அரபுச் சொல்லொன்றிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்த இப்பெயர், இம்மக்கள் தாமாகச் சூட்டிக்கொண்டதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

பல்வேறு ஆபிரிக்க மொழிகளைப் பேசிய இவர்களைப் பிணைத்த பொதுமொழி, இலங்கையில் உருவான போர்த்துக்கேயக் கலப்பு மொழியாகும். மஞ்சா பாடல்கள் அம்மொழியிலேயே அமைந்தன. கடல், காதல், பறவை, விலங்கு முதலியன அவற்றின் பொருள். சில அடிகளே திரும்பத் திரும்பப் பாடப்படும். மெதுவாகத் தொடங்கும் பாடல் சிறிது சிறிதாக விரைவு பெற்று, உச்சத்தை எட்டியதும் நின்றுவிடும். டோலக், றபான் என்பவற்றோடு தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி போன்ற வீட்டுப் பொருள்களும் தாளக் கருவிகளாகும். குடும்பக் கொண்டாட்டங்களிற் பெரியவர்கள் பாடக் கேட்டே இளையவர்கள் கற்றனர்.

இதே காலனித்துவச் சூழலிற் பறங்கியரிடையே வளர்ந்த கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசை, தன் பெயரிலேயே ஆபிரிக்கத் தொடர்பைத் தாங்கி நிற்கின்றது. அதிலிருந்து பைலா உருவாயிற்று. 1940களிற் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வோலி பஸ்தியன் அதனைச் சிங்களத்திற் பாடிப் பரப்பினார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதனை மேலும் வளர்த்தனர். தமிழிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பாடிய பொப் பாடல்களிற் பைலாவின் துள்ளல் தெளிவாகக் கேட்கின்றது. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' தமிழகம் வரை சென்று, 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் ஒலித்தது. மஞ்சாவே பைலாவாக மாறிற்று எனக் கொள்வது பொருந்தாது; எனினும் இரண்டும் ஒரே வரலாற்றுச் சூழலின் விளைபொருள்கள் என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் ஒன்று நாடெங்கும் ஒலிக்க, மற்றையது ஓர் ஊருக்குள் ஒடுங்கியமைக்குக் காரணம் யாது? முதலாவது மொழி. பைலா சிங்களத்தையும் தமிழையும் ஏற்றமையால் அதற்குச் சந்தை கிடைத்தது. கலப்பு மொழிப் பாடலை வாங்குவோர் அரிதாகவே இருந்திருப்பர். இரண்டாவது வடிவம். பழைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களையே கொள்ளும். கூடியிருப்போர் களைக்கும்வரை வளரும் பாடலுக்கு அவ்வெல்லை போதாது. மூன்றாவது உரிமை. தட்டு ஒரு பாடகரையும் ஒரு பாடலாசிரியரையும் கேட்கின்றது. மஞ்சாவுக்கு ஊரே பாடகர்.

தட்டு ஏற்காத இம்மரபை ஏடு ஓரளவு ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஹியூ நெவில் திரட்டிய கலப்பு மொழிப் பாடற் கையெழுத்துப் பிரதி இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்திலுள்ளது. போர்த்துக்கேய மொழி வழங்கிய ஆபிரிக்கரின் பாடல்களுக்கு அதில் ஒரு பகுதி உண்டு. ஷிஹான் டி சில்வா ஜயசூரிய அப்பிரதியையும் புத்தளத்து மக்களின் இசையையும் ஆராய்ந்துள்ளார். ஆயினும் ஏட்டிற் சொற்களே எஞ்சின. விரைவும் தாளமும் குரலும் அங்கில்லை.

சிரம்பியடியிலோ இதற்கு மறுதலையான நிலை காணப்படுகின்றது. குடும்பங்களின் பேச்சுமொழி சிங்களமாகிவிட்டது. இளையோர் ஒலியைப் பிசகின்றிப் பாடுவர். எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற அவர்களால் இயலாது. இலண்டனில் ஒலியற்ற சொல்லும், புத்தளத்திற் பொருள் மங்கிய ஒலியுமாக ஒரே மரபு இரண்டாகப் பிளந்து கிடக்கின்றது.

அண்மைத் தசாப்தங்களில் இவ்வூர் மக்கள் குழுவாக மேடையேறி மஞ்சாவைப் பிறருக்கும் கேட்பித்து வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. எனினும் மேடையின் கைதட்டல் சொற்பொருளைக் காக்காது. பொருள் அறிந்த முதியோர் உள்ளபோதே ஒவ்வொரு பாடலையும் அவர்களது விளக்கத்தோடு பதிவுசெய்து, அப்பதிவின் ஒரு பிரதியைச் சிரம்பியடியிலேயே வைத்தல் வேண்டும். பைலாவின் தாளத்துக்கு ஆடிய நாடு, அத்தாளத்தின் உறவினருக்கு இவ்வளவாயினும் கடமைப்பட்டுள்ளது.