தகுதி ஐயமும் தலைமையும்

தாம் எய்திய உயர்நிலைக்குத் தாம் உரியரல்லர் என்றும், தம் குறை ஒருநாள் வெளிப்படும் என்றும் ஆற்றல் மிக்கோரும் அஞ்சுதல் உண்டு. இதனை 1978-இல் பாலின் கிளான்சு, சூசன் ஐம்சு என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் ஆராய்ந்து கூறினர். பின்வந்தோர் சிலர், இவ்வையம் உள்ளத்திற் பிறப்பதன்று, கறுப்பினத்தார் முதலியோரை அயலார் அளக்கும் கோலே இதனைப் பிறப்பிக்கின்றது என மறுத்தனர். இவற்றுள் எது பொருந்தும் என்பதனைத் தென்பாண்டி நாட்டில் அடுத்தடுத்து அமைந்த ஈரூர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் திருவில்லிபுத்தூர். பரம்பொருளை நிறுவுவார்க்குப் பாண்டியன் வல்லபதேவன் பொற்கிழி அறிவித்தனன் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். நந்தவனம் பேணி மாலை தொடுத்த விட்டுசித்தரை மதுரைக்குச் செல்லுமாறு இறைவன் பணித்தபோது, நூற்பயிற்சி இல்லாத தாம் வாதம் புரிதல் எங்ஙனம் என அவர் தயங்கினார். ஆயினும் சென்றார், வென்றார், யானைமீது உலா வந்தார். இது சமய மரபு வழிச் செய்தியேயன்றி நேரிய வரலாற்றுச் சான்றன்று. எனினும், வெற்றியைப் போற்றிய மரபு தயக்கத்தை மறைக்காமற் காத்தமை நோக்கத்தக்கது. நந்தவனத்தில் அவர்க்கு ஐயம் எழவில்லை. புலவர் அவையின் அளவுகோலை எண்ணியபோதே எழுந்தது.

அயலார் அளவுகோல் இருபதாம் நூற்றாண்டில் சட்டமாகவே வடிவெடுத்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் நிதி, காவல் முதலிய துறைகளை ஆளுநரிடத்தும் அவர்தம் நிருவாகக் குழுவிடத்தும் நிறுத்தி, கல்வி, தல ஆட்சி, சுகாதாரம் போல்வனவற்றையே அமைச்சர்க்கு அளித்தது. முழுப் பொறுப்பிற்கு இந்தியர் இன்னும் தகுதியுறவில்லை என்பதே அதன் உட்கிடை. சென்னையில் இவ்விரட்டையாட்சி 1937 வரை நீடித்தது.

அக்காலத்தே பொதுவாழ்வில் வளர்ந்தவர் இராசபாளையம் பூ. ச. குமாரசுவாமி இராசா. 1898-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியாரால் வளர்க்கப்பெற்ற இவர் காந்தியடிகளைப் பின்பற்றினார். 1949 ஏப்பிரலில் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானார். 1950 சனவரி 26-இல் குடியரசு மலர்ந்தபோது சென்னை மாநில முதலமைச்சராக விளங்கினார். 1952 தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரசு பெற்றவை 152 மட்டுமே. முதலமைச்சராகிய அவரும் தோற்றார். 1954-இல் ஒரிசாவின் ஆளுநரானார். தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார். 1957-இல் மறைந்தார்.

அவர்தம் எளிமையைத் தகுதி ஐயத்தின் விளைவு எனக் கொள்வார் உளராயின், அது பொருந்தாது என்க. தோல்வியால் தம் குறை வெளிப்பட்டது என நாணுவோர் பொதுவாழ்வினின்று ஒதுங்குவர். இவரோ மீண்டும் பொறுப்பேற்றார். வாழ்ந்த வீட்டையும் ஊர்க்கே உரிமையாக்கினார். பதவியைத் தம் மதிப்பிற்கு அளவாகக் கொள்ளாதார் செயல் இது.

எனவே அடக்கமும் ஐயமும் வேறு வேறு என்பது புலனாகும். தன் அளவைத் தானே அறிந்து ஒழுகுதல் அடக்கம். பிறர் கோலைத் தன் கோலாக ஏற்று அஞ்சுதல் ஐயம். தலைவர்தம் உள்ளத்தை ஆராயப் புகுவோர், அவரை அளந்த கோலைச் செய்தவர் யார் என முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்வினா இன்றேல், ஆண்டோர் விதைத்த ஐயத்தை ஆளப்பட்டோரின் குறையாக எழுதிவிடுவோம்.